பால் வண்டி கொண்டுவரும் கிணற்று மட்டம்

நேற்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. பன்னிரண்டு கிணறுகளின் நீர்மட்டம் கால் மணிக்கு ஒரு முறை வீதம், ஓர் அளவுகூட விடுபடாமல் என் கடைக் கணினிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இந்த நாற்பத்தொரு நாளுக்கு முன்னால் ஐந்து மாதம் தவறுகளிலேயே போனது. இரண்டையும் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஒட்டன்சத்திரத்துக்கும் வேடசந்தூருக்கும் இடைப்பட்ட ஊர்களிலிருந்துதான் பெரும்பாலான வேலை வரும். முருங்கை, வெங்காயம், மக்காச்சோளம், தக்காளி என்று எல்லாமே கிணற்றுப் பாசனம். பாறையை உடைத்து வெட்டிய கிணறுகள். அறுபது அடிக்குக் குறைந்தது அரிது, எண்பது அடியும் உண்டு. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் தானாக ஓடும்படி ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டு விவசாயி தூங்கப் போகிறார். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது இருட்டில் யாருக்குத் தெரியும்? தண்ணீர் இல்லாமல் ஓடிப் புஷ் தேய்ந்து, காயில் கருகி, மோட்டார் என் கடைக்கு வருகிறது. ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்குக் கம்பியும் கூலியும் சேர்த்து ஐயாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் வாங்குகிறேன். ஒரே ஆள் ஒரே கோடையில் மூன்றாம் முறை மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அந்தப் பணத்தை வாங்க எனக்குக் கை வரவில்லை.

தண்ணீர் தீர்ந்தால் மோட்டாரை நிறுத்தும் கருவி சந்தையில் இருக்கிறது. நானே பலருக்குப் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். அது தீர்ந்த பிறகு சொல்லும். இன்னும் எத்தனை நாள் தாங்கும், இராத்திரி எத்தனை அடி ஊறுகிறது, அடுத்த போகத்துக்கு வெங்காயம் நடலாமா என்பதையெல்லாம் அது சொல்லாது. அதற்கு மட்டத்தைத் தொடர்ந்து அளந்து குறித்து வைக்க வேண்டும். ஒரு காலத்தில் முடிச்சுப் போட்ட கயிற்றை இறக்கி அளப்பார்கள். இப்போது அதற்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

பன்னிரண்டு கிணற்றுக்காரர்கள் சேர்ந்தார்கள். ஊர்ச் சாலையோடு சேர்த்துப் பார்த்தால் கிணறுகள் பதினோரு கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடந்தன. கிணற்றுக்கு ஒரு சிம் போடலாம் என்பதுதான் முதல் யோசனை. ஒரு சிம்முக்கு மாதம் 150 ரூபாய் என்றாலும் மாதம் 1,800 ரூபாய். அதை எத்தனை மாதம் வசூலிக்க முடியும் என்று எனக்குத் தெரியும். நடுவில் உயரமான கம்பம் நட்டு ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வாங்கலாம் என்றால், இடையில் இரண்டு கரடுகளும் தென்னந்தோப்புகளும் மறிக்கின்றன. அப்போதுதான் கடைக்கு எதிரே டீ குடிக்க நின்ற பால் வண்டியைப் பார்த்தேன். காலை 5 மணிக்குக் கிளம்பி, அதே ஊர்கள் வழியாகச் சுற்றி, கேன்களை ஏற்றிக்கொண்டு 7 மணி வாக்கில் குளிரூட்டும் நிலையத்துக்குப் போகும். மாலையிலும் ஒரு நடை. மழையானாலும் தீபாவளியானாலும் மாடு பால் கறக்காமல் இருப்பதில்லை.

போகிற வழியில் கிணறுகளின் அளவுகளை அந்த வண்டியில் வைத்த பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வரட்டும் என்று நினைத்தேன். இந்த யோசனை எனக்கு மட்டும் தோன்றியது இல்லை. 2000-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் தொட்டபள்ளாபுரம் வட்டாரத்தில் அரசு பஸ்ஸில் ஒரு வைஃபை பெட்டி வைத்து, ஊர் ஊராக நிலப் பதிவு விவரங்களைச் சுமந்து காட்டினார்கள். கென்யாவில் 2004-இல் வரிக்குதிரைகளின் கழுத்துப்பட்டையில் இருந்த தகவலை வாகனத்தில் போய்ப் பக்கத்தில் நின்று வாங்கினார்கள். 2003-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை இப்படிச் சுமப்பவற்றுக்கு ஆங்கிலத்தில் கோவேறு கழுதை என்று பொருள்படும் பெயரையே வைத்தது. இவற்றைப் படித்தது எனக்குத் துணிச்சல் கொடுத்தது.

வண்டி ஓட்டுநரிடம் பேசினேன். "பெட்டி சின்னதுதானே அண்ணே, வையுங்கள்" என்றார். மாதம் 500 ரூபாய் என்று ஒப்புக்கொண்டோம். முதல் வாரம் பெட்டி எதுவும் வைக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் பாதையைப் பதிவு செய்துகொண்டு ஆறு நாள் காலை நடையில் போனேன். இந்த ஆறு நாள்தான் பின்னால் பல இடங்களில் என்னைக் காப்பாற்றியது. எந்தப் பால் சேகரிப்பு நிலையத்தில் எத்தனை நிமிடம் நிற்கிறார், எங்கே வேகத்தடை, எங்கே மணிக்கு 35 கிலோமீட்டரில் போகிறார் என்பதெல்லாம் கையில் கிடைத்தது. பத்துக் கிணறுகள் சாலையிலிருந்து 300 மீட்டருக்குள் இருந்தன. ஐந்தாம் எண் 700 மீட்டர் தள்ளி. ஒன்பதாம் எண் ஒரு கரட்டுக்குப் பின்னால்.

முதலில் மட்டத்தை அளக்கும் வேலை. மீயொலி சென்சார் ஒன்றைக் கிணற்று வாயில் வைத்துக் கீழே பார்க்கச் செய்தேன். 4 மீட்டர்வரை சரியாகச் சொன்னது. நம் கிணற்றில் தண்ணீரே 12 மீட்டருக்குக் கீழேதான் இருக்கிறது. போகிற வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைப் படியில் பட்டு எதிரொலி திரும்பிவிடுகிறது. இரண்டு நாளில் அதைக் கழற்றிவிட்டு, தண்ணீருக்குள் இறக்கும் அழுத்தச் சென்சார் வாங்கினேன். 20 மீட்டர் அளவு, 4 முதல் 20 மில்லிஆம்பியர் வெளியீடு, 25 மீட்டர் கேபிள், விலை 3,900 ரூபாய். இதற்கு 24 வோல்ட் வேண்டும். லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டை ஒரு பூஸ்ட் போர்டு வைத்து ஏற்றினேன். சென்சாரின் மின்னோட்டத்தை 100 ஓம் ரெசிஸ்டர் வழியே விட்டால் 0.4 முதல் 2 வோல்ட் கிடைக்கும். பெட்டியின் மூளையாக இருக்கும் ஈஎஸ்பி32 சில்லிலேயே வோல்ட் அளக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அது நேர்கோட்டில் அளப்பதில்லை. ஏடிஎஸ்1115 என்ற தனிச் சில்லு 230 ரூபாய். அதை வைத்த பிறகு ஒரு மில்லிமீட்டருக்குள் பிரித்துப் பார்க்க முடிந்தது. சென்சாரை அடிச் சேற்றில் படாதபடி தரையிலிருந்து மூன்றடி மேலே தொங்கவிட்டேன்.

பெட்டியை வைக்க இடம் தேட வேண்டியிருக்கவில்லை. பழைய கமலை இறைத்த கல் தூண்கள் பல கிணறுகளில் இன்னும் நிற்கின்றன. எட்டடி உயரம், அசையாது. தகட்டுப் பட்டையை வளைத்துப் போல்ட் போட்டு இறுக்கினேன். கல்லில் துளை போடவில்லை. ஒரு பெரியவர் அது தன் தாத்தா நட்ட கல் என்று சொல்லி என் கையில் இருந்த டிரில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் முயற்சி வைஃபையில். வண்டியில் ஒரு ஈஎஸ்பி32 தன் வைஃபையைத் திறந்து வைத்திருக்கும், கிணற்றுப் பெட்டி அதைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிடும் என்று நினைத்தேன். வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த மூன்று கிணறுகள் மட்டும் பேசின. மற்றவற்றில் 70 மீட்டர் தாண்டினால் தொடர்பு இல்லை, கிடைத்தாலும் கைகுலுக்கி முடிப்பதற்குள் வண்டி கடந்துவிடுகிறது. அதைவிட மோசம், பேட்டரி பத்து நாள்கூடத் தாங்கவில்லை. சில்லு ஆழ்ந்த உறக்கத்தில் 10 மைக்ரோஆம்பியர்தான் எடுக்கும் என்று அதன் தாளில் போட்டிருக்கிறது. என் மீட்டர் 11 மில்லிஆம்பியர் காட்டியது. ஆயிரம் மடங்கு. காரணம் சில்லு இல்லை. அது உட்கார்ந்திருக்கும் போர்டில் எரியும் சிவப்பு எல்இடி, யுஎஸ்பி சில்லு, மலிவான ரெகுலேட்டர் மூன்றும் இரவு பகலாகக் குடித்துக்கொண்டிருந்தன. அப்போது மேகமூட்டம் வேறு. சோலார் தகடு ஈடுகொடுக்கவில்லை.

போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் ஈஎஸ்பி32 மாட்யூலை வாங்கி, தானே 4 மைக்ரோஆம்பியர் மட்டும் எடுக்கும் எச்டி7333 ரெகுலேட்டரோடு நானே பற்றவைத்தேன். அந்த ரெகுலேட்டர் 250 மில்லிஆம்பியருக்கு மேல் கொடுக்காது. வைஃபை போட்டால் சில்லு மயங்கி விழுந்து மறுபடி தொடங்கும். ஆகவே வைஃபையைக் கைவிடுவது இந்த வழியிலும் கட்டாயமானது.

அடுத்து, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும் லோரா ரேடியோ. இங்கே ஒரு செலவுத் தவறு செய்தேன். விலை குறைவு என்று 433 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல்கள் பதினான்கு வாங்கிவிட்டேன். இந்தியாவில் உரிமம் இல்லாமல் இந்த மாதிரி வேலைக்கு எடுத்துக்கொள்ளக் கூடிய அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் என்று பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வாங்கியவை பெட்டியோடு அலமாரியில் இருக்கின்றன. மறுபடி, அந்த அலைவரிசையில் பேசும் ஆர்எஃப்எம்95 லோரா மாட்யூல் ஒன்று 720 ரூபாய் வீதம் வாங்கினேன்.

ஆன்டெனாவுக்கு என் கடையிலேயே கம்பி இருந்தது. 866 மெகாஹெர்ட்ஸில் கால் அலை நீளம் 8.65 சென்டிமீட்டர் வரும். 18-ஆம் நம்பர் காயில் கம்பியை 9 சென்டிமீட்டரில் வெட்டி, இரண்டிரண்டு மில்லிமீட்டராகக் குறைத்துக்கொண்டே வந்து, எதிரே இருக்கும் பெட்டியில் சிக்னல் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 8.2-இல் நன்றாக இருந்தது. பையனைப் பெட்டியோடு கிணற்றடியில் நிறுத்திவிட்டு இரு சக்கர வண்டியில் போய்ப் பார்த்ததில், வெட்டவெளியில் 900 மீட்டர், முருங்கைத் தோட்டம் வழியே 600, தென்னந்தோப்பில் 450 மீட்டர்வரை எட்டியது. பால் வண்டியில் வைத்ததும் 250 மீட்டராகச் சுருங்கிவிட்டது. பெட்டி ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே இருந்தது. பின்னால் முழுக்க அலுமினியக் கேன்களும் தகட்டுக் கட்டுமானமும். ஆன்டெனாவை மட்டும் கூரைக் கம்பியில் ஏற்றி ஒரு மீட்டர் கேபிளில் கீழே கொண்டுவந்தேன். வெட்டவெளியில் ஒரு கிலோமீட்டர் தாண்டியது. மூன்று நாள் அலைக்கழித்த சிக்கலுக்கு ஒரு மீட்டர் கேபிள்தான் தேவைப்பட்டிருக்கிறது.

கணக்கு இப்படி. ஓர் அளவுக்கு 8 பைட். கால் மணிக்கு ஒன்று என்றால் நாளுக்கு 96 அளவு, 768 பைட். அதை 192 பைட் கொண்ட நான்கு பொட்டலங்களாகக் கட்டுகிறேன். ஒரு பொட்டலம் போய் அதற்குப் பதில் வர ஏறக்குறைய அரை வினாடி. தென்னந்தோப்பில் 450 மீட்டர் எட்டினாலும், சாலையோரக் கிணற்றுக்கு வண்டி 900 மீட்டர் தூரம் எட்டும் வட்டத்துக்குள் இருக்கிறது. மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் நூறு வினாடி. வேண்டியது இரண்டு வினாடி. இங்கே நெருக்கடியே இல்லை.

நெருக்கடி, வண்டி வந்திருக்கிறது என்று கிணற்றுப் பெட்டிக்கு எப்படித் தெரிவது என்பதில் இருந்தது. நாள் முழுதும் காதைத் திறந்து வைத்திருந்தால் பேட்டரி போய்விடும். அதனால் வண்டிப் பெட்டி அரை வினாடிக்கு ஒரு முறை 'வந்திருக்கிறேன்' என்று அழைத்துக்கொண்டே போகும். கிணற்றுப் பெட்டி காலை 4.45 முதல் 6.45 வரையும் மாலையில் இரண்டு மணி நேரமும் மட்டும், எட்டு வினாடிக்கு ஒரு முறை விழித்து 0.7 வினாடி கேட்டுவிட்டு உறங்கும். அந்த 0.7 வினாடியும் ரேடியோ மட்டும் விழித்திருக்கும். அழைப்பு வந்தால்தான் அது ஈஎஸ்பி32-ஐத் தட்டி எழுப்பும்.

முதல் நாள் பன்னிரண்டில் பதினொன்று பேசின. இரண்டாம் நாள் ஒன்பது. மூன்றாம் நாள் நான்கு. நான்காம் நாள் ஒன்றுமில்லை. ரேடியோவைச் சந்தேகித்து இரண்டு பெட்டிகளைப் பிரித்தேன், ஆன்டெனாவை மாற்றினேன். கடைசியில் மூன்றாம் எண் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்து அதன் நேரத்தைப் பார்த்தால், மூன்று நாளில் 1 மணி 50 நிமிடம் முந்திப் போயிருந்தது. உறங்கும்போது ஈஎஸ்பி32 நேரத்தை எண்ணும் உள் அலையி (ஆசிலேட்டர்) வெப்பத்துக்கு ஏற்ப வேகம் மாறி ஓடும். பெட்டிக்குள் மதியம் நல்ல சூடு. பால் வண்டி சரியான நேரத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. என் பெட்டிகள் அதற்கு முன்பே காதை மூடிக்கொண்டு தூங்கிவிட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் 140 ரூபாய்க்கு டிஎஸ்3231 கடிகாரம் வைத்தேன். இது ஆண்டுக்கு ஒரு நிமிடம்போலத்தான் விலகும். வண்டிப் பெட்டியில் ஜிபிஎஸ் இருப்பதால் சரியான நேரத்தையும் அழைப்போடு சேர்த்து அனுப்பி, தினமும் திருத்திக்கொள்ளச் செய்தேன். இந்தக் கடிகாரப் போர்டை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பரவலாகக் கிடைக்கும் வகையில் பட்டன் செல்லுக்கு மின்னேற்றும் ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. நாம் போடும் சிஆர்2032 செல்லோ மின்னேற்றக் கூடாதது. அந்த ரெசிஸ்டரையும் கூடவே எல்இடியையும் பிடுங்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

ஏழாம், எட்டாம் கிணறுகள் 300 மீட்டர் இடைவெளியில் இருப்பவை. இரண்டும் ஒரே அழைப்புக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லி ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டன. அழைப்பிலேயே, முதலில் பேச வேண்டிய கிணற்றின் எண்ணைச் சேர்த்தேன். ஜிபிஎஸ் இருப்பதால், ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருக்கும் கிணறுகளை மட்டும் வண்டி வரிசையாகக் கூப்பிடும்.

ஆகஸ்டில் பால் வண்டியின் கியர் பெட்டியைப் பிரித்துவிட்டார்கள். ஒன்பது நாள் வேறு வண்டி பால் ஏற்றியது. டிஎஸ்3231 போர்டில் இலவசமாக ஒட்டியிருந்த 4 கிலோபைட் நினைவகம் போதும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதில் 512 அளவுகள் நிற்கும், அதாவது ஐந்து நாள் எட்டு மணி நேரம். மீதி நாட்கள் பழையவற்றின் மேல் எழுதப்பட்டு அழிந்தன. அப்போதே பெரிய நினைவகத்துக்கு மாறியிருக்க வேண்டும். மாற்று வண்டிக்கும் பொருத்தக்கூடிய இன்னொரு பெட்டி செய்தால் போதும் என்று விட்டுவிட்டேன். அந்த முடிவுக்கு அக்டோபரில் விலை கொடுத்தேன்.

இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் வலித்த இடம் அது. கிணற்றுப் பெட்டி தன் அளவுகளை வண்டியிடம் கொடுக்கும். வண்டி 'வாங்கிக்கொண்டேன்' என்று சொல்லும். உடனே கிணற்றுப் பெட்டி அவற்றை அழித்து இடம் பண்ணிக்கொள்ளும். அப்படித்தான் எழுதியிருந்தேன், எனக்கு அதில் தவறு தெரியவில்லை. வண்டிப் பெட்டிக்குச் சாவியைத் திருப்பினால் வரும் இணைப்பிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தேன். ஓட்டுநர் ஒவ்வொரு சேகரிப்பு நிலையத்திலும் டீசல் மிச்சம் பிடிக்கச் சாவியை அணைப்பார். மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் மின்சாரம் போகும். இப்படிப் பல நாள் தாங்கிய கார்டு ஒரு நாள் உள்ளுக்குள் உடைந்தது. வண்டிப் பெட்டி எழுத முடிந்ததா என்று பார்க்காமலே எல்லாக் கிணறுகளுக்கும் 'வாங்கிக்கொண்டேன், வாங்கிக்கொண்டேன்' என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறது. அந்த வாரம் நான் ஒரு கல்யாணத்துக்காக வெளியூரில் இருந்தேன். ஆறு நாள். பன்னிரண்டு கிணறுகள். அந்த ஆறு நாளில்தான் வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழை பெய்தது. காய்ந்து கிடந்த கிணறு எந்த மணியிலிருந்து ஊறத் தொடங்குகிறது, எந்தக் கிணறு உடனே ஏறுகிறது, எது இரண்டு நாள் தாமதிக்கிறது என்பதைப் பார்க்கத்தான் நான் கோடையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தேன். அது இனி அடுத்த ஆண்டுதான்.

இரண்டு நாள் கடையில் வேறு வேலை ஓடவில்லை. பிறகு புரிந்தது. தபால்காரர் கடிதத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டதும் கடிதம் சேர்ந்துவிட்டதாக நான் கணக்கு வைத்திருந்தேன். முன்பு பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை திரும்பி வரும்வரை காத்திருப்போம் அல்லவா, அதைத்தான் செய்ய வேண்டும்.

இப்போது நடப்பது இது. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு வரிசை எண். கிணற்றுப் பெட்டி கொடுக்கும், ஆனால் எதையும் அழிக்காது. வண்டி காலை 7 மணி வாக்கில் என் கடைக்கு எதிரே டீக்கு நிற்கும்போது, கடையின் வைஃபை வழியே எல்லாம் கணினியில் இறங்கும். இருபது வினாடி வேலை. கணினி விடுபாடு இருக்கிறதா என்று சரிபார்த்து, 'மூன்றாம் கிணறு, 4,217 வரை சேர்ந்தது' என்பதுபோல் கிணற்றுக்கு ஒரு ரசீது எழுதி வண்டிப் பெட்டியில் போடும். அந்த ரசீது அடுத்த நடையில் கிணற்றுக்குப் போகும். அதைப் பார்த்த பிறகுதான் கிணற்றுப் பெட்டி அந்த எண் வரை அழிக்கும். நடுவில் கார்டு உடைந்தாலும், பெட்டியே தொலைந்தாலும், ரசீது வராது; ரசீது வராவிட்டால் அடுத்த நடையில் மறுபடி கொடுக்கும். இரட்டிப்பாக வருபவற்றை வரிசை எண் பார்த்துக் கணினி தள்ளிவிடும். இதற்கு நினைவகம் பெரிதாக இருந்தாக வேண்டும். 390 ரூபாய்க்கு 32 கிலோபைட் எஃப்ராம் சில்லு (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) வைத்தேன். நாற்பத்திரண்டு நாள் தாங்கும். முழுதும் நிரம்பியிருந்தாலும் 168 பொட்டலம், 84 வினாடி. நூறு வினாடிக்குள் அடங்குகிறது என்று பார்த்தபோது பெரிய நிம்மதி.

வண்டிப் பெட்டியிலும் மூன்று திருத்தம். சாவி அணைந்தாலும் ஒரு நிமிடம் தாங்கும் சிறிய செல். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்த பிறகே பதில். ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒரு சிறிய திரை: இன்று எத்தனை கிணறு பேசியது என்ற எண். இந்தத் திரைக்கு 180 ரூபாய் ஆனது. நான் செய்த செலவில் இதுவே சிறந்தது. அதுவரை அவருக்கு அது யாரோ வைத்த பெட்டி. எண் தெரியத் தொடங்கியதும் அவரே தொலைபேசியில் கூப்பிடுகிறார். "அண்ணே, இன்று பதினொன்றுதான். ஏழாம் கிணறு பேசவில்லை." போய்ப் பார்த்தால் சோலார் கம்பியை எலி கடித்திருந்தது. எனக்கு அது தெரிய ஒரு வாரமாவது ஆகியிருக்கும்.

இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். நவம்பரில் வரைபடத்தைப் பார்த்தபோது, மோட்டாரே ஓடாத நாட்களிலும் நான்கு கிணறுகள் நாளுக்கு இரண்டு முறை மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஏறி இறங்கின. காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் உச்சம். கிணறு மூச்சு விடுகிறது என்று மகிழ்ந்து இரண்டு பேரிடம் காட்டியும்விட்டேன். மூச்சு விட்டது கிணறு இல்லை, காற்று. நம் பகுதியில் காற்றழுத்தம் தினமும் அந்த இரண்டு நேரத்தில்தான் ஏறும், அதிகாலையிலும் மாலை நான்கு மணி வாக்கிலும் இறங்கும். ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறினால் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் ஏறியதுபோல் சென்சார் காட்டும். அதைச் சமன்செய்யத்தான் சென்சார் கேபிளுக்குள் மெல்லிய காற்றுக்குழாய் ஒன்று மேலேவரை வருகிறது. எறும்பு போகக் கூடாது என்று நான் அந்த நான்கு பெட்டிகளில் குழாயின் வாயைச் சிலிக்கோன் வைத்து அடைத்திருந்தேன். சிலிக்கோனை வெட்டி, வலை கட்டி, பெட்டிக்கும் அடியில் ஒரு மூச்சுத்துளை விட்டேன். கோடு நேராகிவிட்டது. காட்டிய இரண்டு பேரிடமும் போய்த் திருத்திச் சொன்னேன்.

செலவைக் கேட்பவர்களுக்கு: கிணற்றுப் பெட்டி ஒன்றுக்குச் சென்சார் நீங்கலாக 3,050 ரூபாய், சென்சாரோடு 6,950. பன்னிரண்டுக்கு 83,400. வண்டிப் பெட்டி 3,800. வீணாக்கியவை, 433 மாட்யூல்கள் உட்பட, 11,000 அளவில். கிணற்றுக்காரர்கள் ஆளுக்கு 4,000 கொடுத்தார்கள். மீதி ஐம்பதாயிரம் சொச்சம் என்னுடையது. மின் செலவையும் அளந்தேன். ஒரு நாளுக்கு ஏறக்குறைய 35 மில்லிஆம்பியர்-மணி. இதில் வண்டிக்காகக் காத்திருந்து கேட்பதற்கு 11, சென்சாருக்கு 24 வோல்ட் கொடுத்து அளப்பதற்கு 21. ரேடியோதான் தின்னும் என்று பயந்தேன், தின்பது அளவெடுப்பு. 2,600 செல் ஒன்று வெயிலே இல்லாமல் இரண்டு மாதம் ஓடும்.

மறுபடி செய்தால் முதல் நாளே வரிசை எண்ணும் ரசீதும் வைத்துத் தொடங்குவேன். கால் மணிக்குப் பதிலாக அரை மணிக்கு ஒரு முறை அளப்பேன். மோட்டார் ஓடும்போது மட்டும் அடிக்கடி அளந்தால் போதும். இப்போதுள்ள லித்தியம் அயான் செல்லுக்குப் பதிலாக வெயிலைத் தாங்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைப் போடுவேன். இரண்டு கிணறுகளில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்ற பத்துக்குப் பொருள் வாங்குவேன்.

தகவல் திரும்பிப் போவதும் அதே வண்டியில்தான். காலையில் கணினியில் வந்த மட்டங்களை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்கிறேன். மாலை நடையில் ஓட்டுநர் அதைச் சேகரிப்பு நிலையங்களில் கொடுக்க, பால் அளப்பவர் கரும்பலகையில் கொழுப்பு விலைக்குக் கீழே எழுதுகிறார்: கிணற்று எண், எத்தனை அடித் தண்ணீர், இரவில் எத்தனை அடி ஊறியது. பால் ஊற்ற வருகிறவர்கள் நின்று படிக்கிறார்கள். நான்காம் கிணற்றுக்காரர் இரவு ஊற்று ஒன்றரை அடிக்குக் குறைந்ததைப் பார்த்துவிட்டு, வெங்காயத்தில் ஓர் ஏக்கரை இந்த முறை விட்டுவிட்டார். மூன்று முறை மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

ஒன்பதாம் கிணறு மட்டும் வாரத்தில் நான்கு நாள்தான் பேசுகிறது. கரட்டைச் சுற்றிக்கொண்டு அலை வருவதில்லை. புளியமரத் திருப்பத்தில் இரண்டு நிமிடம் நின்றால் கிடைக்கிறது என்று ஓட்டுநரே கண்டுபிடித்தார். பால் குறைவான நாட்களில் அவருக்கு நேரம் இருக்கும்போது நிற்கிறார். நினைவகம் நாற்பத்திரண்டு நாள் தாங்கும் என்பதால் எதுவும் இழக்கவில்லை, தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். அந்தக் கிணற்றடியில் ஒரு பனைமரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மரமேறி ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ரேடியோவை மட்டும் தனிப் பெட்டியில் போட்டு முப்பதடி உயரத்தில் கட்டிப் பார்க்கப் போகிறேன். பத்து மீட்டர் கேபிள் வாங்கி வைத்தாயிற்று.